கவ்வாம் என்றால் முதலாளி இல்லை, தம்பி

போன வாரமும் ஒரு தம்பி வந்தார். நிக்காஹ் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, மனைவி தாய்வீட்டுக்குப் போய்விட்டார். என்ன பிரச்சினை என்று கேட்டால் போனை எடுத்து நீட்டுகிறார். ஒரு ஆள் காருக்குள் உட்கார்ந்துகொண்டு, மனைவியின் போனைச் சோதிக்காதவன் தய்யூஸ் என்று கத்துகிறார். "இவர் சொல்வது மார்க்கம்தானே?" இல்லை. குடும்ப ஆலோசனைக்கு வரும் இளைஞர்களிடமிருந்து இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன். மனைவி கடைசியாக என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று கேட்டேன். வீடியோவை வரி விடாமல் ஒப்பித்தவருக்கு அது நினைவில்லை.

தய்யூஸ் என்பது குடும்பத்தில் மானக்கேடு நடப்பது தெரிந்தும் பேசாமல் இருப்பவனுக்கான சொல். மனைவியை நம்புகிறவனுக்கு அதைச் சூட்ட யாருக்கும் உரிமையில்லை. துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று குர்ஆன் 49:12 சொல்கிறதே, அது வீட்டுக்குள் செல்லாதா?

அப்புறம் இந்தக் கவ்வாம், ஆண்களைப் பற்றிக் குர்ஆன் 4:34ல் வரும் சொல். இந்த வீடியோக்காரர்கள் அந்த வசனத்தைப் பாதி மட்டும் படித்துவிட்டு "ஆண்தான் அதிகாரி" என்கிறார்கள். ஆண்கள் தங்கள் பொருளிலிருந்து செலவழிப்பதையும் அந்த வசனமே காரணமாகச் சொல்கிறது. நின்று பராமரிப்பவர், பொறுப்பைச் சுமப்பவர், அதுதான் கவ்வாம். சந்தேகம் இருந்தால் 4:135ஐத் திறந்து பாருங்கள், அதே சொல் அங்கேயும் வருகிறது: நீதியை நிலைநிறுத்துபவர்களாக இருங்கள், அது உங்களுக்கே பாதகமாக இருந்தாலும் சரி. ஆண் பெண் இருவருக்குமான கட்டளை அது. தன் தவறுக்கும் எதிராக நிற்கத் தெரிந்தவருக்கான சொல்லை எடுத்து, கேள்வியே கேட்கக் கூடாத முதலாளிக்கு மாட்டிவிட்டார்கள். நபி (ஸல்) வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் உதவுவார்கள் என்றுதான் ஆயிஷா (ரலி) சொன்னார்கள், புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது.

இந்தத் தம்பிகளின் காயம் பொய்யில்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு பல நாடுகளில் விமான நிலையத்திலும் வேலையிடத்திலும் சந்தேகப் பார்வையோடே வளர்ந்த தலைமுறை இது. அந்தக் கோபத்தைத்தான் இந்த வீடியோக்காரர்கள் விலைக்கு வாங்குகிறார்கள்: வெளியே உன்னை மிதிக்கிறார்கள், வீட்டிலாவது ராஜாவாக இரு. அரசியலும் அப்படியே திரும்பிவிடுகிறது. பாகுபாட்டுக்கு எதிராகக் குரல் கொடுக்க வேண்டியவர், பெண்ணுரிமை பேசுபவர்களே முதல் எதிரி என்று நம்பி, முஸ்லிம்களை விரட்டச் சொல்லும் தீவிர வலதுசாரிகளின் பேச்சையே பகிர்ந்துகொண்டிருக்கிறார். இணையத்தில் ஆண்மை பற்றிப் பேசியே பிரபலமான ஆண்ட்ரூ டேட் இஸ்லாத்தை ஏற்றதாக 2022 அக்டோபரில் செய்தி வந்ததும் எத்தனை பேர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்! அதே ஆண்டு டிசம்பரில் ருமேனியாவில் மனிதக் கடத்தல் வழக்கில் கைதானார். குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார், சரி. அதற்காக அவரிடமா இல்லறம் கற்பது? பெண்களை நம்பாதே, அடக்கி வை என்கிற இந்த 'ரெட் பில்' பேச்சின் பெயரே 1999ல் வந்த மேட்ரிக்ஸ் படத்திலிருந்து எடுத்தது, எந்த மத்ஹபிலும், அதாவது எந்த இஸ்லாமியச் சட்டப் பள்ளியிலும், இல்லாதது.

வீட்டுச் சண்டையை டெலிகிராம் குழுவில் கொட்டாதீர்கள், அங்கே பதில் சொல்பவர் உங்கள் தலாக்கின் பின்விளைவில் ஒன்றையும் சுமக்கப்போவதில்லை. 'ஆண்மைப் பயிற்சி' என்று பணம் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள். மார்க்கச் சந்தேகத்தை, முகம் பார்த்துப் பேசக்கூடிய, முறையாகப் படித்த ஆலிமிடம், அதாவது மார்க்க அறிஞரிடம், கேளுங்கள். தகப்பன்மார்களே, மகன் எதைப் பார்க்கிறான் என்று திட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

சகோதரிகளுக்கு ஒன்று. போன், பணம், வெளியே போவது எல்லாவற்றையும் அவரே பிடித்து வைத்திருந்தால் அது கொடுமைதான். அடி விழுகிறது என்றால் சமாதானப் பேச்சுக்கு இருவரும் சேர்ந்து வராதீர்கள். அடிப்பவர் எதிரில் உட்கார்ந்து நீங்கள் உண்மையைச் சொல்ல முடியாது, சொன்னாலும் வீட்டுக்குப் போனதும் அதற்கு அடி விழும். தனியாக வாருங்கள், முதலில் உங்கள் பாதுகாப்பைப் பார்ப்போம்.