மென்னோனைட்: சபையின் பெயரா, சனத்தின் பெயரா?

மென்னோனைட் என்ற சொல்லுக்குள் இருப்பது ஓர் ஆளின் பெயர். மென்னோ சைமன்ஸ், 1496இல் இன்றைய நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்துப் பகுதியில் விட்மார்சும் ஊரில் பிறந்தவர். கத்தோலிக்கக் குருவாக இருந்து 1536 ஜனவரியில் அந்தப் பதவியைத் துறந்தார். அவர் சேர்ந்த இயக்கத்தை அவர் தொடங்கவில்லை. 1525இலேயே சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் சிலர், விவரம் அறியாத குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, வளர்ந்து விசுவாசித்தவர்களுக்கே அது உரியது என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். அரசும் சபையும் ஒன்றாக இருந்த காலம் அது. பிறந்ததுமே குழந்தை இரண்டுக்கும் சொந்தம். அதை மறுத்தது ராஜத் துரோகமானது. அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸ் 1527இல் சூரிக்கின் ஆற்றிலேயே மூழ்கடித்துக் கொல்லப்பட்டார்.

இவர்களுக்கு எதிரிகள் வைத்த பெயர் அனபாப்டிஸ்ட். தமிழில் மறுஞானஸ்நானக்காரர் என்றும் மறுதிருமுழுக்கர் என்றும் எழுதுகிறோம். மொழிபெயர்ப்பு சரிதான், ஆனால் அந்த ‘மறு’வைத்தான் அவர்கள் ஏற்கவில்லை. குழந்தையில் நடந்தது ஞானஸ்நானமே இல்லை என்பவர்களுக்கு இது முதல் தடவைதானே! மென்னோனைட் என்பதும் பிறர் இட்ட பெயர்தான். கிழக்கு ஃபிரீஸ்லாந்தை ஆண்ட ஆனா சீமாட்டி 1540களில், கத்தி எடுத்த மற்ற அனபாப்டிஸ்ட் கூட்டங்களிலிருந்து இந்த அமைதியானவர்களைப் பிரித்துக்காட்ட ‘மென்னிஸ்டன்’ என்று அரசாணையில் எழுதினார். நெதர்லாந்தில் இருந்தவர்கள் பிற்காலத்தில் ஆளின் பெயரை விட்டுவிட்டு, ‘ஞானஸ்நான மனத்தவர்’ என்று பொருள்படும் டோப்ஸ்கெசிண்டன் என்ற பெயரை வைத்துக்கொண்டார்கள். கிழக்கே போனவர்களிடம் மென்னோவின் பெயர் நிலைத்தது.

இந்த வரலாற்றின் தொடக்ககால அகதிக் குடும்பங்களில் ஒன்று மென்னோவுடையது. 1542இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் அரசு அவர் தலைக்கு 100 கில்டர் விலை வைத்தது. தன் மனைவியும் சிறு பிள்ளைகளும் ஒரு வருஷமோ அரை வருஷமோ பயமில்லாமல் தங்க ஒரு குடிசைகூட எங்கும் கிடைக்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். மனைவி பெயர் கெர்ட்ரூட்; அவரைப் பற்றி அதற்கு மேல் அதிகம் எழுதப்படவில்லை. 1549இல் எலிசபெத் டிர்க்ஸ் என்ற பெண்ணைப் பிடித்த அதிகாரிகள், மென்னோவின் மனைவியே சிக்கிவிட்டாள் என்று நினைத்தார்கள். அவர் மனைவி அல்ல, இயக்கத்தில் போதித்துவந்தவர். சித்திரவதையிலும் யார் பெயரையும் சொல்லவில்லை, மூழ்கடித்துக் கொன்றார்கள்.

அப்புறம் இடப்பெயர்ச்சிதான். போலந்தின் விஸ்துலா ஆற்று முகத்துவாரச் சதுப்புநிலத்தை வடித்து வயலாக்கினார்கள். அங்கேதான் பிளௌட்டீச் என்ற தாழ்ஜெர்மன் பேச்சு அவர்களின் வீட்டுமொழியானது. ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரினின் அழைப்பில் 1789இல் இன்றைய உக்ரைனுக்குப் போய் ஹோர்டிட்சா குடியிருப்பையும், 1804இல் மொலோச்னாவையும் அமைத்தார்கள். ராணுவ சேவையிலிருந்து விலக்கு உண்டு என்ற வாக்குறுதியை நம்பிப் போனவர்கள். 1874இல் ரஷ்யா எல்லோருக்கும் ராணுவ சேவையைக் கட்டாயமாக்கியதும் ஏறக்குறைய 17,000 பேர் வட அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். அதில் சுமார் 7,000 பேர் கனடாவின் மனிடோபாவுக்குப் போனார்கள். ஆயுதம் ஏந்தாத கொள்கையை அவர்கள் வேர்லோசிக்கைட் என்பார்கள். அகிம்சை என்று பெயர்த்தால் காந்தி வந்து நின்றுவிடுவார். ‘தீமையோடு எதிர்த்து நிற்கவேண்டாம்’ என்ற மத்தேயு வசனத்திலிருந்து வந்ததால் ‘எதிர்த்து நில்லாமை’ என்பதே பொருத்தம்.

ஆண்கள் கொள்கைக்காகக் கிளம்பினார்கள் என்று வரலாறு எழுதும். கிளம்பிய குடும்பம் குடும்பமாகவே தங்கியதற்குக் காரணம் பெண்கள் கையில் இருந்தவை. ஸ்வீபாக் என்ற இரண்டடுக்கு ரொட்டியைச் சுட்டு, நம் ரஸ்க் மாதிரி உலர வறுத்து, மூட்டை கட்டிக்கொண்டுதான் கடல் தாண்டினார்கள். மனிடோபாவில் முதல் குளிர்காலத்தைப் பலர் தரையைத் தோண்டிப் புல்கட்டியால் மூடிய குழிவீடுகளில் கழித்தார்கள். அந்தக் குழிவீட்டுக்குச் செம்லின் என்று பெயர், ரஷ்யாவிலிருந்து கூடவே வந்த சொல். முட்டைக்கோஸ் போர்ஷ்ட் உக்ரைனியச் சமையல். ஜெர்மன் பேசி, உக்ரைன் சூப் குடித்து, கனடாவில் கோதுமை விதைக்கும் பெண்ணை எந்த நாட்டுக்காரி என்பது? கேட்டால் அவர் சொல்லியிருக்கக்கூடிய பதில் மென்னோனைட் என்பதாகத்தான் இருக்கும்.

சொத்து விஷயம் பலருக்குத் தெரியாது. ரஷ்யாவிலிருந்து வந்த இந்தக் குடும்பங்களில் கணவர் இறந்தால் பாதிச் சொத்து மனைவிக்கு. மீதிப் பாதி மகன் மகள் வித்தியாசம் பாராமல் சம பங்கு. மனைவி இறந்தாலும் இதே கணக்குதான். மறுமணம் செய்வதற்கு முன் இறந்தவர் வழிப் பங்கைப் பிள்ளைகள் பெயரில் முடித்துக்கொடுக்க வேண்டும். இதைக் கவனிக்க வைசனாம்ட் என்ற சபை அமைப்பு இருந்தது. நேர்ப்பொருள் ‘அநாதைகள் அலுவலகம்’ என்றாலும் அது ஆசிரமம் அல்ல, பிள்ளைகளின் பங்கைக் காத்துப் பெருக்கிய நிதிக்காப்பகம். ஆனால் சபைக் கூட்டத்தில் ஓட்டுப் போடும் உரிமை மட்டும் ஆண்களிடமே இருந்தது. நிலத்தில் சமம், சபையில் மௌனம் என்ற இந்த ஏற்பாட்டை முரண்பாடாக அவர்கள் நினைத்த மாதிரித் தெரியவில்லை.

அடுத்த அலை ரஷ்யப் புரட்சி, உள்நாட்டுப் போர், பஞ்சம் எல்லாம் கடந்தவர்களுடையது. 1919இல் மென்னோனைட்டுகளுக்குக் கதவடைத்த கனடா 1922இல் திறந்தது. 1923 முதல் 1930 வரை ஏறத்தாழ 20,000 பேர் வந்தார்கள். கையில் காசில்லை, கனடியன் பசிபிக் ரயில்வே கடனுக்கு ஏற்றிக்கொண்டது. அந்தக் கடனின் பெயர் ரைசேஷுல்ட், தமிழில் அப்படியே பயணக்கடன். வழியில் மருத்துவச் சோதனையும் உண்டு. கண்ணில் டிரக்கோமா என்ற தொற்றுநோய் இருந்தால் ஜெர்மனியின் லெஹ்ஃபெல்ட் முகாமிலோ இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் அருகிலோ நிறுத்திவிடுவார்கள். நோயுள்ள பிள்ளையோடு தாய் தங்க, மற்றவர்கள் கப்பல் ஏறிய குடும்பங்கள் உண்டு.

பயணக்கடன் சமுதாயம் முழுவதன் தலையிலும் இருந்தது. புல்வெளியில் நிலம் வாங்கிய தகப்பனிடம் ரொக்கம் கிடையாது. அதனால் பதினாறு பதினேழு வயது மகள்கள் வின்னிபெக், சாஸ்கட்டூன், வான்கூவர் நகரங்களில் ஆங்கிலக்காரர் வீடுகளுக்குச் சமைக்கவும் துணி துவைக்கவும் போனார்கள். கிராமத்தை விட்டு வெளியே வேலை பார்த்தறியாத குடும்பங்களில் முதன்முதலில் ஆங்கிலம் கற்றதும், மாதச் சம்பளத்தைக் கையில் வாங்கியதும் பெரும்பாலும் இந்தப் பெண்களே. தங்கள் பெண்கள் நகரத்தில் கெட்டுப்போவார்கள் என்று பயந்த சபையார் மெட்சன்ஹைம் என்ற இல்லங்களை நடத்தினார்கள். வியாழக்கிழமை மதியம் விடுமுறை. அன்று எல்லோரும் அங்கே கூடிப் பாடுவார்கள், ஜெர்மனில் பேசித் தீர்ப்பார்கள். இல்லத்தை நடத்திய அம்மையார்தான் வேலை தேடித்தருவார், தகராறு வந்தால் எஜமானியிடம் பேசவும் செய்வார். இதற்கு ‘பெண்கள் விடுதி’ என்று எழுதலாம், ஆனால் குடியிருந்தவர்களைவிட வாராவாரம் வந்துபோனவர்களே அதிகம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பயணக்கடன் முழுவதும் 1946இல் தீர்ந்தது. கடனைத் தீர்த்தவர்கள் என்று சபைத் தலைவர்கள் பெயர் வருகிறது. பாத்திரம் தேய்த்த கைகளுக்கும் அதில் பெரும் பங்கு.

ரஷ்யாவிலேயே தங்கியவர்களின் கதை இன்னும் கொடியது. 1937-38 கைதுகளில் ஊர் ஊராக ஆண்கள் காணாமல் போனார்கள். 1943இல் பின்வாங்கிய ஜெர்மன் ராணுவத்தோடு மேற்கே கிளம்பிய சுமார் 35,000 பேரில் பெரும்பாலான குடும்பங்களுக்குத் தலைவி மட்டுமே. பெரும்பகுதியினரைச் சோவியத் அரசு மீண்டும் பிடித்துக்கொண்டுபோனது. தப்பியவர்கள் 1947 முதல் கனடாவுக்கும் பராகுவேயின் சாக்கோ காட்டுக்கும் போனார்கள். கணவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாதவர்கள் மறுமணம் செய்யலாமா என்று சபைகள் வாதாடின. அந்தப் பெண்கள் அதற்குள் காட்டை வெட்டி வீடு கட்டியிருந்தார்கள்.

இங்கேதான் சொல்லின் சிக்கல். பிறப்பால் யாரும் சபையினர் ஆவதில்லை என்று சொல்லி உயிரைக் கொடுத்தவர்களின் பெயர், நானூறு வருஷத்தில் பிறப்பால் வரும் பெயராகிவிட்டது. ஃபிரீசன், பென்னர், வீபே, டிக் என்ற குடும்பப் பெயர் இருந்தால் கோயில் பக்கமே போகாதவரும் மென்னோனைட். இனம், மொழி, சாப்பாடு எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டன. ஒட்டவைத்தது மென்னோவின் புத்தகங்களைவிட வீட்டில் பிளௌட்டீச் பேசிய தாய்மார்கள் என்பது என் எண்ணம்.

இந்தியாவில் நிலைமை வேறு. 1889இல் ரஷ்யாவிலிருந்து ஆபிரகாம் ஃபிரீசனும் மனைவி மரியாவும் வந்து நல்கொண்டாவில் ஊழியம் செய்தார்கள். பிறகு அமெரிக்கக் குழுவினர் வந்தார்கள். இன்று தெலங்கானாவின் மகபூப்நகரை மையமாகக் கொண்ட மென்னோனைட் பிரதரன் சபையினர் தெலுங்கர்கள், பெரும்பாலும் தலித் குடும்பத்தினர். அவர்களுக்கு இந்தச் சொல் விசுவாசத்தை மட்டுமே குறிக்கிறது. போர்ஷ்ட்டும் பிளௌட்டீச்சும் அதில் இல்லை.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? ‘மென்னோனைட்டுகள்’ என்பதில் உள்ள ‘ஐட்’ கிரேக்க விகுதி. நம் வேதாகமம் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டது: லேவியர், மோவாபியர், ஏத்தியர். அதே வழக்கில் மென்னோனியர் என்பது இயல்பாக வரும். ஒருமைக்கு மென்னோனியப் பெண், மென்னோனியக் குடும்பம் என்று எழுதலாம். மென்னோவைப் பின்பற்றுவோர் என்று நீட்டினால் தவறாகப் போகும், ஏனென்றால் அவர் எழுதியதில் ஒரு வரிகூடப் படிக்காத கோடிவீட்டுப் பாட்டியும் மென்னோனியர்தான். சபையைக் குறிக்கும்போது மென்னோனியச் சபை என்று தனியே சொல்லிவிட்டால் இரண்டும் குழம்பாது. மகபூப்நகர்ச் சபையைப் போலப் பதிவான பெயர் உள்ள இடத்தில் மட்டும் அவர்கள் எழுதும்படியே ‘மென்னோனைட்’ என்று விடலாம்.