டிக்டேஷன் நோட்டில் காணாமல் போன சொற்கள்

எட்டு வயதுப் பெண் குழந்தை, மூன்றாம் வகுப்பு. அம்மா என்னிடம் முதலில் நீட்டியது தமிழ் டிக்டேஷன் நோட்டைத்தான். "தெரிஞ்ச வார்த்தையையே விட்டுடறா டாக்டர். கிளாஸ்ல கனவு காண்றான்னு மிஸ் சொல்றாங்க."

புரட்டிப் பார்த்தேன். கையெழுத்து அழகாக இருந்தது. ஐந்தாறு சொற்கள் சரியாக வரும், அப்புறம் ஒன்றிரண்டைக் காணோம், மறுபடி சரியாகத் தொடரும். படிக்காத பிள்ளையின் நோட்டு இப்படி இருக்காது.

ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து விடாமல் ஊதச் சொன்னேன். ஒரு வகை வலிப்போ என்று எனக்குச் சந்தேகம்; வேகமாக மூச்சுவிட்டால் அது வெளியே தெரிந்துவிடும். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, ஊதுவதை நிறுத்திவிட்டாள். பார்வை ஒரே இடத்தில் நிலைத்தது, இமை மட்டும் லேசாகத் துடித்தது. பத்து நொடி கழித்து, ஒன்றும் நடக்காதது போல மீண்டும் ஊதினாள். "இதுவா? இதைத் தினமும் பண்றாளே!" என்றார் அம்மா.

இதற்கு ஆப்சன்ஸ் வலிப்பு என்று பெயர். பெரும்பாலும் 4 முதல் 10 வயதுக்குள் தொடங்கும். கீழே விழுவதில்லை, கை கால் இழுப்பதில்லை, நுரை தள்ளுவதில்லை. அதனால் வலிப்பு என்றே யாருக்கும் தோன்றாது. ஆனால் ஒரு நாளில் பத்து, இருபது தடவை வரும். சிலருக்கு நூறைத் தொடும். கழித்தலில் கடன் வாங்குவதை ஆசிரியர் விளக்கும் பத்து நொடி போய்விட்டால், மிச்சத்தை வைத்துக்கொண்டு பிள்ளை என்ன செய்யும்? எதையோ தவறவிட்டோம் என்பதே அதற்குத் தெரியாது. "ஏன் கவனிக்கலை?" என்று அடித்தாலும் சொல்லப் பதில் இருக்காது.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. யோசனையில் மூழ்கிய பிள்ளை தோளைத் தொட்டால் திரும்பிப் பார்க்கும். இந்த வலிப்பில் பார்க்காது. பேசிக்கொண்டிருக்கும்போது, சாப்பிடும்போதுகூட வரும். சந்தேகம் இருந்தால் பெற்றோரிடம் சொல்லுங்கள். அவர்கள் செல்போனில் ஒரு வீடியோ எடுத்து வந்தால் எங்களுக்குப் பெரிய உதவி.

வலிப்புக்குக் கொடுக்கும் மருந்தாலும் படிப்பு தடுமாறலாம். ஃபினோபார்பிடோன் சில பிள்ளைகளை மந்தமாக்கும், சிலரை ஓரிடத்தில் உட்காரவிடாது. டோபிராமேட் சாப்பிடும் பிள்ளை சில நேரம் சொல் கிடைக்காமல் திணறும். லெவிடிராசிடாம் சிலருக்குக் கோபத்தைக் கிளப்பும். வேறு வகை வலிப்புக்கு நன்றாக வேலை செய்யும் கார்பமசெபின், ஆப்சன்ஸ் வலிப்பை அதிகமாக்கிவிடக்கூடும். மருந்து மாற்றிய பிறகு மதிப்பெண் சரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பாக வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

எனக்கு அதிகம் வலிப்பது வேறொன்று. "ஃபிட்ஸ் இருக்கிற பையன், பாஸ் ஆனாலே போதும்" என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்லிவிடுகிறார்கள். கேள்வி கேட்பதில்லை, மேடை ஏற்றுவதில்லை, விளையாட விடுவதில்லை. வலிப்பு வரும் பிள்ளைகள் பலர் மற்றவர்களைப் போலவே படிக்கக்கூடியவர்கள். வகுப்பில் கை கால் இழுத்து வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். இவ்வளவு தெரிந்த ஆசிரியர் இருந்தால், பிள்ளையை ஒதுக்கி வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்தப் பெண்ணுக்கு ஈஈஜி (மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை) எடுத்து வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தைத் தொடங்கினோம். மூன்று மாதம் கழித்து அதே நோட்டு வந்தது. சொற்கள் விடுபடவில்லை. ஆனால் கழித்தல் மட்டும் வரவில்லை. இரண்டாம் வகுப்புப் பாடம் பாதிக்குமேல் அவள் காதில் விழவே இல்லையே, மருந்து அதை எங்கிருந்து கொண்டுவரும்? மிஸ்ஸுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். இப்போது சாப்பாட்டு இடைவேளையில் தினமும் கால் மணி நேரம், இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து இருவரும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.