ஃப்ளாம்புவயான்: ஆடம்பரம் அல்ல, தீக்கொழுந்து

ஆங்கில-தமிழ் அகராதியில் 'ஃபிளம்பாயன்ட்' என்ற சொல்லைத் தேடினால் பகட்டான, ஆடம்பரமான, படாடோபமான என்ற பொருள்களே முதலில் கண்ணில் படும். ஒரு மனிதரின் உடையைப் பற்றியோ பேச்சைப் பற்றியோ எழுதும்போது அவை பொருந்தும். பிரெஞ்சுக் கிறித்தவக் கோவிற்கலையில், கோத்திக் என்னும் இடைக்கால ஐரோப்பியக் கட்டடக்கலையின் பிற்காலப் பாணி ஒன்றுக்கும் இதே பெயர்தான்; அதைப் பற்றி எழுதும்போது அதே பொருளை எடுத்து 'ஆடம்பர கோத்திக்' என்று பெயர்த்தால், பொருளும் வரலாறும் ஒருங்கே பிசகிவிடும்.

பிரெஞ்சில் இதன் ஒலிப்பு ஏறத்தாழ 'ஃப்ளாம்புவயான்'. தீ நாவசைத்து எரிவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த பெயரெச்சம் அது. அந்த வினைக்கு அடி, பழைய பிரெஞ்சில் தீயின் நாக்கைக் குறித்த 'ஃப்ளாம்ப்'. அதற்கும் பின்னே இருப்பது லத்தீனின் 'ஃப்ளம்முலா', அதாவது சிறு தீ. இந்த வம்சாவளியில் பகட்டுக்கு இடமே இல்லை. கட்டடப் பாணியின் பெயராக இச்சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது 1830களில். பகட்டு என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துத்தான். பின்னால் வந்த பொருளை முன்னால் இருந்த கட்டடத்தின் மேல் ஏற்றுவது முறையல்ல.

இந்தப் பெயரைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் வட பிரான்சின் நார்மண்டிப் பகுதியைச் சேர்ந்த ஓவியர் யூஸ்தாஷ் யசேந்த் லாங்லுவா (1777–1837). ரூவான் நகரில் வாழ்ந்து, அதன் பழைய கட்டடங்களை வரைந்தும் ஆராய்ந்தும் காலம் கழித்தவர். பதினைந்தாம் நூற்றாண்டின் சாளரங்களில் கல் எப்படி வளைந்திருக்கிறது என்று பார்த்தவருக்குத் தீ நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. அவர் நகரத்திலேயே புனித மக்லூ பங்குக் கோவில், அதாவது ஒரு வட்டாரத்துக் கிறித்தவ மக்களுக்கான கோவில், இருக்கிறது.

அந்தக் கோவில் எழுந்த கதையைத் தெரிந்துகொண்டால் பாணியின் பெயர் தானே விளங்கும். அங்கே முன்பிருந்த பழைய கோவில் சிதைந்துபோய், 1432 அளவில் அதன் ஒரு பகுதி இடிந்து கிடந்தது. ரூவான் அப்போது ஆங்கிலேயர் பிடியில் இருந்தது. முந்தைய ஆண்டுதான் அந்நகரச் சந்தைத் திடலில் பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கை எரித்திருந்தார்கள். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலான நூறாண்டுப் போர் இன்னும் முடியவில்லை. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு பங்கு மக்கள், மறைமாவட்டப் பேராலயம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போதே, தங்கள் கோவிலை முற்றிலும் புதிதாகக் கட்டத் துணிந்தார்கள். பாரிஸைச் சேர்ந்த தலைமைக் கல்தச்சர் பியேர் ரொபேன் 1437 அளவில் திட்டம் வரைந்து கொடுத்தார். பொருள் கொடுத்தவர்களில் துஃபூர் என்னும் வணிகக் குடும்பம் முக்கியமானது. பங்கின் பணத்தையும் வேலையையும் மேற்பார்வையிட்ட அமைப்பைப் பிரெஞ்சில் 'ஃபாப்ரிக்' என்பார்கள். தமிழில் அதைத் திருப்பணிக் குழு என்று சொல்வதே சரி.

வேலை தலைமுறைகளைத் தாண்டி நடந்தது. ரொபேனுக்குப் பின் வேறு தலைமைத் தச்சர்கள் வந்தார்கள். அவர்களில் அம்புருவாஸ் அரேல் காலத்தில் மேற்கு முகப்பு மண்டபம் உருவானது. கோவில் அர்ச்சிக்கப்பட்ட ஆண்டு 1521. இவ்வளவு நீண்ட காலத்தில் இத்தனை கைகள் மாறியும் கட்டடம் ஒரே மனத்தில் தோன்றியதுபோல நிற்கிறது என்பதுதான் எனக்குப் பெருவியப்பு. ஐந்து வாயில் வளைவுகள் கொண்ட அந்த முகப்பு நேர்கோட்டில் நிற்பதில்லை. இரு ஓரங்களும் பின்வாங்க, நடுப்பகுதி வீதியை நோக்கிப் புடைத்து வருகிறது. ஒவ்வொரு வளைவின் மேலும் துளையிட்ட கல்லால் ஆன கூரிய முக்கோண முகடு. அந்தக் கற்பின்னலின் ஊடே பின்னால் இருக்கும் சாளரம் தெரியும்.

இனி வடிவத்துக்கு வருவோம். முந்தைய கோத்திக் சாளரங்களில் வட்டமும் மூவிதழும் நால்விதழும் தனித்தனியாக அடைபட்டு நிற்கும். வட்டச் சாளரத்தின் ஆரங்கள் நடுவிலிருந்து கதிர்போல் விரிவதால் அப்பாணிக்கு 'ரெயோனான்' என்று பெயர். அதைக் கதிர்ப் பாணி எனலாம். ஃப்ளாம்புவயானில் இந்த வடிவங்கள் பூட்டுடைத்து ஒன்றுக்குள் ஒன்று ஓடுகின்றன. காரணம் ஒரே ஒரு கோடு. முதலில் ஒரு பக்கம் குழிந்து, பாதியில் மறுபக்கம் திரும்பும் எதிர்வளைவு அது. இரண்டு எதிர்வளைவுகள் எதிரெதிரே நின்று மேலே கூடினால் அடி பருத்து நுனி கூரிய ஒரு கண், அதாவது கல்லுக்கு நடுவே ஒரு துளை, பிறக்கும். சமச்சீராக நிற்கும் கண்ணைப் பிரெஞ்சுக் கலைஞர்கள் 'சூஃப்லே' என்பார்கள். அச்சொல்லுக்குத் துருத்தி என்று பொருள். ஒரு பக்கமாகச் சாய்ந்து வளைந்தால் அது 'மூஷெத்'. சாய்ந்த கண்கள் பல கூடி ஒரே திசையில் வளையும்போது சாளரம் முழுக்கக் காற்றில் தீப்பற்றியதுபோல் தோன்றும். பாரிஸின் சேந்த் ஷாப்பேல் என்னும் கோவிலின் மேற்கு வட்டச் சாளரத்தில், பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் மாற்றி அமைத்த கற்பின்னலில், இதைத் தெளிவாகக் காணலாம்.

இது கட்டுக்கடங்காத அலங்காரமா? இல்லை. ஒவ்வொரு எதிர்வளைவும் கவராயத்தால் வரைந்த இரண்டு வில்களின் இணைப்பு. ஒன்றின் மையம் கோட்டின் இப்பக்கம், மற்றதன் மையம் அப்பக்கம். மையம் சற்றே தவறினாலும் இரு கல்லும் பொருந்தும் இடத்தில் கோடு முறிந்துவிடும். தூண்களிலும் இதே ஒழுங்குதான். இப்பாணியின் பல கோவில்களில் தூணின் தலையில் போதிகை கிடையாது. மேலே கூரையில் விலா எலும்புபோல் விரியும் கல்விலாக்களின் கோடுகள் அப்படியே தரைவரை இறங்கிவிடும். ஆடம்பரம் என்றால் தேவைக்கு மேல் சேர்ப்பது. இவர்களோ போதிகையை எடுத்தே விட்டார்கள்!

தமிழ்ச் சொல்லுக்கு 'சுடர்', 'தழல்', 'கொழுந்து' என மூன்றும் எதிரே நிற்கின்றன. சுடர் என்றதும் காற்றில்லா அறையில் நிமிர்ந்து நிற்கும் விளக்குதான் மனத்தில் வருகிறது. இந்தச் சாளரங்களில் எதுவும் அப்படி அசையாமல் நிற்பதில்லை. தழலில் வெம்மை தெரிகிறது, வடிவம் தெரியவில்லை. கொழுந்தில் வடிவம் தெரிகிறது. அடி பருத்து, நுனி கூர்ந்து, வளைந்து எழுவது. 'கொழுந்துவிட்டு எரிந்தது' என்று செய்தித்தாள் எழுதும்போது நாம் காண்பது இதே உருவைத்தான். செடியின் இளந்தளிரும் கொழுந்துதான் என்பது கூடுதல் பேறு. இப்பாணியின் வளைவுகளின் விளிம்பில் சிற்பிகள் சுருண்ட இலைகளைச் செதுக்கினார்கள். தீயும் தளிரும் அங்கே ஒரே கோட்டில் ஓடுகின்றன. கொழுந்து என்று மட்டும் எழுதினால் தேயிலைத் தோட்டம் நினைவுக்கு வரக்கூடும். ஆகவே 'தீக்கொழுந்துக் கோத்திக்' என்று முழுமையாக எழுதுவதே என் தேர்வு. முதல்முறை வரும் இடத்தில் 'ஃப்ளாம்புவயான் என்னும் தீக்கொழுந்துப் பாணி' என்று பிரெஞ்சுப் பெயரையும் சேர்த்துவிட்டால் மேலும் தேடிப் படிப்பவருக்கு உதவும்.

ஓர் எச்சரிக்கை: பிரெஞ்சு எழுத்துகளில் இச்சொல்லைக் காணும் இடமெல்லாம் கட்டடம் என்று எண்ணிவிடக் கூடாது. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்டு, கோடையில் செந்நிறமாகப் பூத்துக் குலுங்கும் குல்மோகர் மரத்துக்கும் பிரெஞ்சில் ஃப்ளாம்புவயான் என்றுதான் பெயர். அங்கே குல்மோகர் என்றே எழுதிவிடலாம். ஆளின் நடையுடை பாவனையைப் பற்றிய ஆங்கிலச் சொல்லுக்குப் பகட்டு என்பதே போதும்.