பாட்டுப்பெட்டியைப் போன் விழுங்கியது எப்படி?

ரேடியோ பக்கத்தில் செல்போனை வைத்துப் பழகியவர்களுக்கு அந்தச் சத்தம் நினைவிருக்கும். போன் மணி அடிப்பதற்கு இரண்டு மூன்று விநாடி முன்னாலேயே ஸ்பீக்கர் "டிட்டிடிட்... டிட்டிடிட்... டர்ர்ர்" என்று கரகரக்கும். எங்கள் வீட்டில் அதைக் கேட்டதும் "யாருக்கோ போன் வருது" என்று ஆளாளுக்குத் தங்கள் போனைத் தேடுவார்கள். எம்பி3 பிளேயர் மாதிரியான பாட்டுப்பெட்டியைக் கொண்டுபோய்ப் போனுக்குள் வைப்பது ஒரு காலத்தில் ஏன் அவ்வளவு சிரமமாக இருந்தது என்று யாராவது கேட்டால், நான் இந்தக் கரகரப்பிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

பழைய 2ஜி போன்களின் ஜிஎஸ்எம் முறையில் ஒரே அலைவரிசையை எட்டு போன்கள் பங்கு போட்டுக்கொள்ளும். தன் முறை வரும்போது மட்டும் ஒவ்வொன்றும் சட்டென்று பேசிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதனால் பேசிக்கொண்டிருக்கும் போனின் அலைபரப்பி விநாடிக்கு 217 தடவை எரிந்து அணைகிறது. எரியும்போது அதன் சக்தி 2 வாட் வரை போகும். 900 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை நம் காதுக்குக் கேட்காது, சரி. ஆனால் விநாடிக்கு 217 தடவை விட்டு விட்டு வரும் துடிப்பு காதுக்கு நன்றாகவே கேட்கும். ஸ்பீக்கருக்குப் போகும் வயரே ஆன்டெனா மாதிரி அதைப் பிடிக்கிறது, ஆம்ப்ளிஃபையர் அதைப் பெருக்கிக் கொடுக்கிறது. அலைபரப்பி எரியும் ஒவ்வொரு முறையும் போனுக்குள்ளே பேட்டரியின் மின்னழுத்தமும் லேசாகத் தாழும். மெல்லிய இசைக்கு இதைவிட மோசமான பக்கத்து வீட்டுக்காரர் கிடைக்கமாட்டார்.

2000களின் தொடக்கத்தில் பலரிடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. பேச ஒன்று, பாட்டுக்கு ஒன்று. ஒன்று மற்றதை ஒழித்துவிடுமா என்று அப்போது உண்மையிலேயே வாதம் நடந்தது. யார் ஜெயித்தார்கள் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். எப்படி என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

முதலில் பாட்டு சிறுத்தாக வேண்டியிருந்தது. சிடியில் ஒலி விநாடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவுக்கும் 16 பிட், அதாவது பூஜ்யமோ ஒன்றோ ஆன பதினாறு இலக்கங்கள். இடது, வலது என்று இரண்டு தடம். பெருக்கினால் விநாடிக்கு 14,11,200 பிட் வருகிறது. ஐந்து நிமிடப் பாட்டு ஒன்றுக்குச் சுமார் 53 எம்பி. 1998-இல் தென் கொரியாவின் சேஹான் நிறுவனம் கொண்டுவந்த எம்பிமேன் என்ற கையடக்கப் பெட்டியில் இருந்த நினைவகமே 32 எம்பிதான். சிடி தரத்தில் ஒரு பாட்டுகூட அதில் முழுதாக அடங்காது.

இங்கேதான் பாட்டைச் சுருக்கும் முறையான எம்பி3 வருகிறது. ஜெர்மனியின் எர்லாங்கனில் உள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிலையத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவருடைய குழுவும் இதற்காகப் பல வருடம் உழைத்தார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது நம் காதின் ஒரு குறைபாடு. கச்சேரியை நினைத்துப் பாருங்கள். பின்னால் தம்புரா இடைவிடாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. மிருதங்கத்தில் பலமாக ஓர் அடி விழும் கணத்தில் தம்புராவின் மெல்லிய மேல்சுரங்கள் சில நம் காதில் விழுவதில்லை. கம்பி அதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது, காதுதான் அதை அந்தக் கணத்தில் விட்டுவிடுகிறது. பெரிய சத்தம் தன் அருகிலுள்ள அதிர்வெண்களின் சின்னச் சத்தத்தை மறைக்கிறது. பெரிய சத்தம் ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்த மறைப்பு நீடிக்கிறது.

எம்பி3 குறியாக்கி, அதாவது சுருக்கும் மென்பொருள், பாட்டைச் சுமார் 13 மில்லிவிநாடித் துண்டுகளாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் 576 அதிர்வெண் கூறுகளாகப் பிரிக்கிறது. இந்த நொடியில் இந்த அதிர்வெண் காதில் விழ எவ்வளவு பலமாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. விழாது என்று தெரிவதைத் தூக்கி எறிகிறது, அரைகுறையாக விழுவதை அரைகுறையாகவே எழுதி வைக்கிறது. விநாடிக்கு 128 கிலோபிட் என்ற அளவில் வைத்தால் அந்த 53 எம்பி பாட்டு 4.8 எம்பி ஆகிவிடுகிறது. பதினொன்றில் ஒரு பங்கு!

இந்தக் குழு தங்கள் முறையைச் சோதித்துப் பார்க்க, எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு பெண் தனியாகப் பாடிய பாட்டை வைத்திருந்தார்கள். ஆரம்பக் காலப் பதிப்புகள் அந்தக் குரலைப் பாழாக்கின. கூட்டமாக வாத்தியங்கள் ஒலித்தால் ஒன்றின் பிசிறை இன்னொன்று மறைத்துவிடும். தனிக் குரலில் பிசிறு ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அந்தக் குரலைச் சரியாக்கியபோதுதான் முறையே தேறியது. 1995 ஜூலை 14 அன்று கோப்புகளுக்கு எம்பி3 என்ற பின்னொட்டைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதில் ஒரு முக்கியமான ஓரவஞ்சனை உண்டு. பாட்டைச் சுருக்குவதுதான் கஷ்டமான வேலை, விரிப்பது சுலபம். எது கேட்கும், எது கேட்காது என்ற யோசனை முழுவதையும் சுருக்குகிறவர் ஒரு தடவை செய்து முடித்துவிடுகிறார். விரிக்கிற சிப் எழுதி வைத்ததைக் கூட்டிக் கழித்தால் போதும். அந்தச் சிப் சின்னதாக, மலிவாக இருக்க முடிந்தது அதனால்தான். பின்னால் போன் தயாரித்தவர்களுக்கு வழி திறந்ததும் இதுதான்.

அப்புறம் சேமிக்கும் இடம். 32 எம்பியில் ஆறேழு பாட்டுக்கு மேல் போகாது. 2001 அக்டோபர் 23 அன்று ஆப்பிள் அறிமுகப்படுத்திய ஐபாட் இதைத் தாண்டியது ஹார்டு டிஸ்க்கை வைத்து. தோஷிபா செய்த 1.8 அங்குல டிஸ்க், 5 ஜிபி, ஆயிரம் பாட்டு. வெளிநாட்டில் வேலை பார்த்த என் சித்தப்பா விடுமுறைக்கு வந்தபோது அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். இயர்போனை மாட்டாமல் பெட்டியையே காதில் வைத்துக் கேட்டேன். உள்ளே என்னவோ "உய்ங்" என்று சுற்றும் சத்தம். சில விநாடிதான், நின்றுவிட்டது. ஆனால் இயர்போனில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. டிஸ்க் சுற்றாமல் பாட்டு எங்கிருந்து வருகிறது?

பதில் பின்னாளில்தான் தெரிந்தது. டிஸ்க்கைத் தொடர்ந்து சுற்றவிட்டால் பேட்டரி தாங்காது. அதனால் ஐபாட் டிஸ்க்கை ஒரு தடவை சுற்றவிட்டு, வரப்போகிற பாட்டுகளை அள்ளி ஒரு சிறு நினைவகத்தில் கொட்டிக்கொள்ளும். பிறகு டிஸ்க்கைத் தூங்கவைத்துவிட்டு அடுத்த இருபது நிமிடம் அதிலிருந்தே வாசிக்கும். அந்தச் சிறு நினைவகத்தின் அளவு 32 எம்பி. மூன்று வருடம் முன்னால் எம்பிமேனின் மொத்தக் கொள்ளளவு எதுவோ, அது இங்கே வெறும் இடைத்தாங்கலாகச் சுருங்கிவிட்டது.

இந்த டிஸ்க்கைப் போனில் வைக்க முடியுமா? நோக்கியா வைத்துப் பார்த்தது. என்91 என்ற போனில் 4 ஜிபி டிஸ்க் இருந்தது. ஆனால் போன் என்பது கையிலிருந்து நழுவும் பொருள். படிக்கட்டில் விழும், பஸ் சீட்டிலிருந்து விழும். உள்ளே சுற்றும் தகடு உள்ள ஒன்றை அப்படிப் புழங்க முடியாது. போனுக்கு ஏற்றது ஃபிளாஷ் நினைவகம். 1980களில் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடித்தது. மின்காப்புப் பொருளால் நாலாபக்கமும் சூழப்பட்ட ஒரு குட்டித் தீவுக்குள் எலக்ட்ரான்களை அடைத்து வைப்பதுதான் அதன் அடிப்படை. மின்சாரம் போனாலும் அவை வெளியேற வழியில்லை, எழுதியது அழியாது. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. அதன் கொள்ளளவு ஏறிக்கொண்டே போனது, விலை இறங்கிக்கொண்டே வந்தது.

2005 செப்டம்பர் 7 அன்று ஆப்பிள் ஒரே மேடையில் இரண்டு பொருள்களைக் காட்டியது. ஒன்று ஃபிளாஷ் நினைவகம் வைத்த ஐபாட் நானோ. மற்றது மோட்டரோலாவோடு சேர்ந்து உருவாக்கிய ரோக்கர் போன். நானோ பறந்தது, ரோக்கர் படுத்துவிட்டது. ரோக்கரில் நூறு பாட்டுக்கு மேல் ஏற்றமுடியாது. சிப்பும் நினைவகமும் அப்படிச் சொல்லவில்லை, மென்பொருளில் போட்ட கட்டுப்பாடு அது. அந்த நாளைப் பார்த்தவர்கள் தனிப்பெட்டிதான் ஜெயிக்கும் என்று முடிவு கட்டியிருந்தால் தப்புச் சொல்லமுடியாது.

ஆனால் கணக்கு வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டுப்பெட்டியைத் திறந்தால் உள்ளே பேட்டரி, திரை, நினைவகம், பொத்தான்கள், வெளிக்கூடு, பாட்டை விரிக்கும் சிப் இருக்கும். கடைசி ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் போனில் ஏற்கனவே இருந்தன. அந்தச் சிப்பின் வேலையையும் தைவானின் மீடியாடெக் போன்றவர்கள் போனின் முக்கியச் சிப்புக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். கரகரப்பையும் ஒவ்வொன்றாக அடக்கினார்கள். அலைபரப்பிக்கு மேல் உலோக மூடி போட்டார்கள், ஒலிக்கான தடங்களை அதிலிருந்து தள்ளி வரைந்தார்கள். 3ஜி வந்தபோது எரிந்து அணையும் அந்த முறையே மாறி, அலைபரப்பு தொடர்ச்சியானது. 217 துடிப்பு போயே போய்விட்டது.

நம் ஊரில் இது எப்படி நடந்தது என்பதை நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரீசார்ஜ் கடைகளில் பார்த்தேன். கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: "மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்." கடைக்காரர் போனின் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, நகக்கண் அளவு கார்டை உருவிக் கணினியில் செருகுவார். "அண்ணே, பழைய பாட்டு போடுங்க, அப்புறம் சாமி பாட்டு கொஞ்சம், மீதிக்குப் புதுசு" என்பார் வந்தவர். 2 ஜிபி கார்டில் நானூறு பாட்டு ஏறும். திரையில் பச்சைப் பட்டை நகர்ந்து முடியும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒரு பைசா பாட்டு எழுதியவருக்கோ இசையமைத்தவருக்கோ போகவில்லை, அது தவறுதான். ஆனால் ஐபாடைக் கண்ணால்கூடப் பார்க்காத லட்சக்கணக்கானவர்கள் தங்கள் முதல் பாட்டுப்பெட்டியை அடைந்தது அந்தக் கடைகளில். அவர்களுக்குப் போன்தான் முதல் பாட்டுப்பெட்டியே.

பேட்டரி மட்டும் கொஞ்ச காலம் உறுத்திக்கொண்டிருந்தது. பாட்டுக் கேட்டே சார்ஜ் தீர்ந்துவிட்டால் அவசரத்துக்குப் பேசமுடியாதே என்ற பயம். இதைத் தீர்த்த முறையைப் படித்தபோது சித்தப்பாவின் ஐபாட்தான் ஞாபகத்துக்கு வந்தது. இன்றைய போனில் பாட்டை விரிப்பதற்கென்று மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிறு செயலி (புராசசர்) ஒன்று தனியாக உண்டு. முக்கியச் செயலி பாட்டில் ஒரு பெரிய துண்டை அதன் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விடும், தீரும்போது எழுந்து அடுத்ததைக் கொடுக்கும். அன்று டிஸ்க் தூங்கியது, இன்று செயலி தூங்குகிறது.

ஐபாட் விற்பனை உச்சம் தொட்டது 2008 நிதியாண்டில், சுமார் 5.48 கோடி. ஐபோன் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதன் பிறகு இறங்குமுகம். 2022 மே மாதம் கடைசி ஐபாடும் நிறுத்தப்பட்டது.

கதை அத்தோடு முடிந்தது என்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2016-இல் ஐபோன் 7-இல் இயர்போன் துளை காணாமல் போனது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். இயர்போனுக்காக எண்களை மின்னழுத்தமாக மாற்றும் சிப், அதைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் இரண்டும் போனிலிருந்து கிளம்பி, காதில் செருகும் புளூடூத் இயர்போனுக்குள் குடியேறின. அந்தப் பாக்குக் கொட்டைக்குள் இப்போது பேட்டரி இருக்கிறது, பாட்டை விரிக்கும் சிப் இருக்கிறது, ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. பழைய பாட்டுப்பெட்டியின் உறுப்புகளில் திரையை விட்டால் சேமிப்பு ஒன்றுதான் குறை. அதுவும் போனில் தங்கவில்லை, எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்விட்டது. ஆக, பாட்டுப்பெட்டியை விழுங்கிய போன் இன்று தபால்காரர் வேலைதான் பார்க்கிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. சுருக்கி வந்த பாட்டைப் போன் விரித்து, புளூடூத்துக்காக மறுபடி சுருக்கி அனுப்புவது இன்றும் பரவலாக நடக்கிறது. அதாவது அந்தப் பாட்டிலிருந்து இரண்டு தடவை கழிக்கப்படுகிறது.

போன் போகமுடியாத இடங்களில் தனிப்பெட்டி உயிரோடு இருக்கிறது. தண்ணீருக்குள் புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சில சென்டிமீட்டரிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். கரையில் இருக்கும் போனால் நீந்துகிறவர் காதுக்குப் பாட்டை அனுப்பமுடியாது. அதனால் நீச்சல்காரர்களின் ஹெட்போனில் நினைவகமும் பாட்டை விரிக்கும் சிப்பும் உள்ளேயே இருக்கும். அச்சு அசல் எம்பிமேன் பரம்பரை. ஸ்டூடியோ ஹெட்போன் வைத்திருப்பவர்களும் தனிப்பெட்டியை விடுவதில்லை. ஒரு வோல்ட் கொடுத்தால் 32 ஓம் மின்தடை உள்ள இயர்போனுக்கு 31 மில்லிவாட் போகும், அதே ஒரு வோல்ட் 300 ஓம் ஹெட்போனில் 3 மில்லிவாட்தான் தரும். அதற்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். சாதாரண இயர்போனில் கேட்பவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

அப்புறம் எங்கள் வீட்டுச் சமையலறை. அங்கே ஜன்னல் திட்டில் ஒரு காரவான் பெட்டி இருக்கிறது. சரிகம நிறுவனம் 2017-இல் பழைய ரேடியோ வடிவத்தில் கொண்டுவந்த, பாட்டுகளை உள்ளேயே ஏற்றிவைத்து விற்கும் பெட்டி. பட்டி தொட்டியெல்லாம் போன் புகுந்த பிறகு பிறந்த பாட்டுப்பெட்டி அது.

"போன்லயே எல்லாப் பாட்டும் இருக்கேம்மா, இது எதுக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"போன்ல யாராவது கூப்பிட்டா பாட்டு நின்னுடுதுப்பா" என்றார் அம்மா. "இது பாட்டுக்குப் பாடிட்டே இருக்கும்."

அவர் சொன்னது சரி. போனில் ஒலி வெளியே வரும் வழியை அழைப்பு, பாட்டு எல்லாமே பகிர்ந்துகொள்கின்றன. அழைப்பு வந்தால் பாட்டு ஒதுங்கியே ஆகவேண்டும் என்பது அதன் மென்பொருளில் எழுதியுள்ள விதி. அம்மா சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தார். பாட்டு மாறியதும் சத்தம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது போல. திரும்பிக்கூடப் பார்க்காமல் மணிக்கட்டின் பின்பக்கத்தால் அந்தக் குமிழை ஒரு திருகு திருகிக் குறைத்துக்கொண்டார்.