குளிரில் உறங்கும் போத்தல்கள்: வீட்டில் பியர் தயாரிப்போருக்கு ஒரு கண் வைத்தியரின் எச்சரிக்கை

தைப்பொங்கல் கழிந்த வாரத்தில், நுவரெலியாவுக்கு அருகே நானுஓயாப் பக்கமிருந்து 24 வயது இளைஞர் ஒருவரை அவருடைய தந்தையும் தம்பியும் முச்சக்கர வண்டியில் எங்கள் கண் பிரிவுக்கு அழைத்து வந்தார்கள். இடது கண்ணை ஒரு துவாயால் இறுக அழுத்திப் பிடித்திருந்தார். கம்பளிச் சட்டையின் முன்புறம் முழுவதும் நனைந்திருந்தது. அதிலிருந்து புளித்த மாவைப் போன்ற ஒரு வாசம் வந்தது. கொழும்பில் வேலை செய்யும் அவர், இணையத்தில் பார்த்துப் பழகி விடுமுறையில் வீட்டிலேயே பியர் தயாரித்திருக்கிறார். குளிரில் போத்தலுக்குள் நுரை சரியாக ஏறவில்லை என்று எண்ணி, மூடிய போத்தல்களில் சிலவற்றை அடுப்படியின் கதகதப்பில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். மூன்றாம் நாள் மாலை, அவற்றில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தபோது அது வெடித்தது.

நுணுக்குக்காட்டியின் கீழ் பார்த்தபோது, கருவிழியை மூடியிருக்கும் ஒளிபுகு படலத்தில் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் நீளத்துக்கு வெட்டு இருந்தது. அரை அரிசி அளவிலான பழுப்பு நிறக் கண்ணாடிச் சில்லு ஒன்று அதன் விளிம்பில் குத்திக்கொண்டு நின்றது. சில்லை அகற்றி, தலைமயிரை விட மெல்லிய நைலோன் நூலால் தைத்தோம். ஆயினும் உள்ளே கண்வில்லையும் கிழிந்திருந்ததால், சில வாரங்களில் அந்தக் கண்ணில் புரை விழுந்து இரண்டாவது சத்திர சிகிச்சையும் தேவைப்பட்டது. பார்வை ஓரளவு திரும்பியது. முன்பு இருந்தது போல் திரும்பவில்லை.

அன்று அவருடைய தந்தை கூறிய ஒரு வாக்கியம்தான் என்னை இதை எழுத வைத்தது. "நொரையெல்லாம் அடங்கி, தெளிஞ்சு போச்சுங்க டாக்டர். அதுக்கப்புறந்தான் புள்ள மூடினான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, மகனும் அவசரப்படவில்லை. நுரை அடங்கினால் நொதித்தல் முடிந்துவிட்டது என்று இருவருமே உண்மையாக நம்பினார்கள். நம்முடைய மலைப் பிரதேசத்தில் அந்த நம்பிக்கை ஆபத்தானது.

காரணம் எளிது. பியர் என்பது முளைகட்டிய வாற்கோதுமையின் இனிப்பு நீரை ஹொப்ஸ் எனும் கசப்புப் பூவைச் சேர்த்துக் கொதிக்க வைத்து, ஆறிய பின் ஈஸ்ட் இட்டு நொதிக்க விடுவது. ஈஸ்ட் சீனியை உண்டு மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் வெளிவிடுகிறது. வீட்டுத் தயாரிப்புக்கென விற்கப்படும் பெரும்பாலான ஈஸ்ட் வகைகள் 18 முதல் 22 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் நன்றாக வேலை செய்பவை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; அங்கு ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகையை அண்டியதுதான். தை, மாசி விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி படிவதையும் நாம் கண்டிருக்கிறோம். அத்தகைய இரவுகளில் ஈஸ்ட் இறந்துவிடுவதில்லை. வேலையை நிறுத்திவிட்டு அடியில் படிந்து உறங்குகிறது. மேலே நீர் தெளிகிறது, குமிழிகள் நிற்கின்றன. பார்ப்பவருக்கு எல்லாம் முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் சீனி உள்ளேயே மிஞ்சியிருக்கிறது. அந்தப் போத்தலை மூடி அடுப்படியில் வைத்தாலும் சரி, கொழும்பில் இருக்கும் உறவினருக்கென்று பேருந்தில் எடுத்துச் சென்றாலும் சரி, 27, 28 பாகை வெப்பம் பட்டதும் ஈஸ்ட் விழித்துக்கொண்டு, இம்முறை வாயு வெளியேற வழியில்லாத இடத்துக்குள் மிச்ச வேலையைத் தொடங்குகிறது.

எவ்வளவு வாயு என்பதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் இதைத்தான் எவரும் கணக்கிடுவதில்லை. ஒரு தேக்கரண்டி சீனி, அதாவது சுமார் 4 கிராம், முழுமையாக நொதித்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் காபனீரொட்சைட்டு உண்டாகும். கடையில் வாங்கும் பியரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய இரண்டரை லீற்றர் வாயுதான் கரைந்திருக்கும். குளிரில் உறங்கிப்போன ஒரு பியரில் லீற்றருக்கு 20 கிராம் சீனி, வெறும் ஐந்து தேக்கரண்டி, மிஞ்சியிருந்தால் அதுவே மேலும் ஐந்து லீற்றர் வாயுவாகிவிடும். அறை வெப்பத்தில் அதன் அழுத்தம் கார் டயருக்குள் இருப்பதை விட இரு மடங்குக்கும் அதிகம். போதாக்குறைக்கு, நுரை வர வேண்டும் என்பதற்காக மூடும் வேளையில் இன்னும் கொஞ்சம் சீனி சேர்ப்பது இந்தச் செய்முறையில் வழக்கம்.

பியர் தயாரிப்பதை எல்லோரும் செய்வதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இஞ்சி பியரை நம்மில் பலரும் வீட்டில் செய்கிறோம். நத்தாருக்கும் தீபாவளிக்கும் இஞ்சியைத் தட்டி, சீனியும் தேசிப்புளியும் சேர்த்து, கொஞ்சம் ஈஸ்ட் தூவி, பழைய போத்தல்களில் ஊற்றிக் கட்டிலுக்கு அடியில் வைக்கிறோம். அதிலும் நடப்பது இதே வேதியியல்தான். சீனி அதிகம் என்பதால் ஆபத்து இன்னும் கூடுதல் என்றே சொல்வேன். கட்டிலுக்கு அடியில்தான் பிள்ளைகள் பந்து தேடிப் போவார்கள். அதில் சிறிதளவு மதுசாரமும் உண்டாகும் என்பதைப் பிள்ளைகளுக்கு அதை ஊற்றிக் கொடுக்கும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். இணையத்தில் நாம் காணும் செய்முறைகள் பெரும்பாலும் பிரித்தானியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருபவை. பிரித்தானியாவில் 1963 முதல் சொந்தப் பாவனைக்கு அனுமதிப்பத்திரம் இன்றிப் பியர் தயாரிக்கலாம். அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழிவிட்டது. இலங்கையில் அப்படி இல்லை. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். பொழுதுபோக்கு என்று காரணம் சொல்வதால் அது மாறிவிடாது. நுவரெலியாவுக்குப் பியர் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் அங்கு குடியேறிய சாமுவேல் பேக்கரின் காலத்திலிருந்தே பியர் காய்ச்சிய வரலாறு அந்த ஊருக்கு உண்டு. ஆனால் ஒரு தொழிற்சாலையில் வெப்பமானியும் அழுத்தமானியும் அவற்றைக் கவனிக்கும் ஆட்களும் இருப்பார்கள். நம் அடுப்படியில் அவை எதுவும் இல்லை.

வெளிநாட்டில், சட்டம் அனுமதிக்கும் இடத்தில் இருந்துகொண்டு இதைச் செய்யும் நம்மவர்களும் இதை வாசிக்கக்கூடும். நொதித்தல் முடிந்ததா என்பதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். ஹைட்ரோமீற்றர் எனப்படும் அடர்த்திமானியால் அளந்து, மூன்று நாட்கள் தொடர்ந்து ஒரே அளவு காட்டினால் மட்டும், அதுவும் பாத்திரம் 20 பாகை அளவிலான வெப்பத்தில் இருக்கும்போது காட்டினால் மட்டும், போத்தலில் ஊற்றலாம். சாராயப் போத்தல், சதுரமான போத்தல், தட்டையான போத்தல் எதுவும் அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வட்டமான பியர் போத்தலாக இருந்தாலும், பலமுறை பாவித்துக் கீறல் விழுந்ததென்றால் அதன் பலம் குறைந்துவிடும். இஞ்சி பியர் செய்பவர்களுக்கு என் ஆலோசனை, சோடா வரும் பிளாஸ்ரிக் போத்தலைப் பாவியுங்கள் என்பதே. விரலால் அழுத்திப் பார்த்தால் உள்ளே எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். கல்லைப் போல் ஆனதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஓரிரு நாட்களில் குடித்து முடிப்பது நல்லது.

"வீட்டில் காய்ச்சினால் கண் போய்விடுமாமே" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மெதனோல் என்ற நச்சு மதுசாரத்தைத்தான் நினைக்கிறார்கள். தானியத்தில் நொதிக்கும் பியரில் மெதனோல் ஆபத்தான அளவில் உண்டாவதில்லை. அந்த அச்சம் உரியது கள்ளத்தனமாக வடிக்கும் கசிப்புக்கு, குறிப்பாகப் போதையைக் கூட்டுவதற்காகக் கைத்தொழில் மதுசாரம் கலந்து விற்கப்படும் சரக்குக்கு. உடலில் மெதனோல் போமிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைக் கருக்கிவிடுகிறது. குடித்துப் பல மணி நேரம் கழித்து, சில வேளை மறுநாள்தான், "எல்லாம் பனிமூட்டம் மாதிரி தெரியுது" என்று நோயாளி சொல்வார். இந்த ஊரில் பனிமூட்டம் யாருக்கும் பழகியது என்பதால் வீட்டாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. அந்தச் சொல்லைக் கேட்டவுடன், போதை தெளியட்டும் என்று காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு வாருங்கள். நேரத்தோடு வந்தால் உயிரையும், பல வேளைகளில் பார்வையையும் காப்பாற்ற முடியும்.

போத்தல் வெடித்துக் கண்ணில் பட்டால் செய்ய வேண்டியது, அந்த இளைஞர் செய்ததற்கு நேர்மாறானது. கண்ணை அழுத்தக்கூடாது, கசக்கக்கூடாது, குத்தி நிற்கும் சில்லைப் பிடுங்கக்கூடாது. வெட்டுப்பட்ட கண்ணுக்குள் தண்ணீர் ஊற்றுவதோ கடையில் வாங்கிய சொட்டு மருந்து விடுவதோ தாய்ப்பால் விடுவதோ வேண்டாம். கடதாசிக் கோப்பை ஒன்றின் அடிப்பாகத்தை வெட்டியெடுத்து, அதன் விளிம்பு கண்ணைச் சுற்றியுள்ள எலும்பில் படும்படி கவிழ்த்து வைத்துத் துணியால் மெதுவாகக் கட்டினால் போதும். சத்திர சிகிச்சைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் வழியில் தேநீர்கூடக் கொடுக்காதீர்கள். வாகன வசதி இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

சத்திர சிகிச்சை முடிந்த இரவு, அந்தத் தந்தை வாட்டின் வெளியே வந்து என்னிடம் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். வீட்டில் இன்னும் பதினொரு போத்தல்கள் இருக்கின்றனவாம். நான்கு அடுப்படியிலும் மற்றவை அலுமாரியிலும். வீட்டில் மனைவியும் சின்ன மகளும் தனியாக இருந்தார்கள். அடுப்பை அணைத்துக் கதவைச் சாத்திவிட்டு அன்றிரவு பக்கத்து வீட்டில் தங்கும்படி உடனே தொலைபேசியில் சொல்லச் சொன்னேன். மறுநாள் அவர் செய்ய வேண்டியதையும் விளக்கினேன்: அடுப்படியின் ஜன்னலைத் திறந்துவிட்டு ஓர் இரவு முழுக்கக் குளிர விடவும், ஏனெனில் குளிரில் அழுத்தம் குறையும்; விடியும் முன், தடித்த கையுறையும் முகத்துக்குக் கவசமும் அணிந்து, போத்தலை ஈரச் சாக்கால் போர்த்தி, அசைக்காமல், மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தவும்.

இரண்டு நாட்களுக்குப் பின் மகனைப் பார்க்க வந்தபோது செய்து முடித்ததாகச் சொன்னார். தம்பியின் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கண்ணாடியோடு போட்டுக்கொண்டு, கொழுந்துச் சாக்கை நனைத்து எடுத்துப்போயிருக்கிறார். அலுமாரியில் இருந்த ஏழும் சத்தமின்றித் திறந்தனவாம். அடுப்படியில் இருந்த நான்கில் மூன்றின் மூடி, அவர் தொட்டதுமே சாக்கைத் தள்ளிக்கொண்டு கூரைத் தகரத்தில் போய் அடித்திருக்கிறது.