பெயர் தெரியாத விமானத்தை அடையாளம் காண்பது எப்படி?

ஒன்பது இறக்கைகளும் எட்டு எஞ்சின்களும் கொண்ட விமானத்தை அடையாளம் காணப் பெரிய திறமை எதுவும் தேவையில்லை. இத்தாலியின் மஜோரே ஏரியில் மிதந்த கப்ரோனி சி.ஏ. 60 ஒன்றே ஒன்றுதான் கட்டப்பட்டது. 1921 மார்ச்சில் அது ஏரியிலேயே விழுந்து நொறுங்கியது. ஒருமுறை படத்தில் பார்த்தவர் மறக்க மாட்டார். பழைய படங்களில் அரிய விமானங்களை இனங்காணும் பொழுதுபோக்கில் ஊறியவர்களையும் திணறடிப்பவை வேறு வகை. 1920களிலும் 30களிலும் ஒன்றிரண்டு மட்டுமே செய்யப்பட்டு, பார்வைக்கு அக்காலத்து மற்ற விமானங்களைப் போலவே தோன்றும் சாதுவான ஈரடுக்கு இறக்கை விமானங்கள் அவை.

இரண்டாம் உலகப் போரின்போது வானத்தைக் கண்காணித்தவர்களுக்கு இறக்கை, எஞ்சின், உடல், வால் என்ற வரிசையில் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழக உளவியலாளர் சாமுவேல் ரென்ஷாவுக்கு அது மெதுவான முறையாகப் பட்டது. நொடியில் மிகச் சிறிய பங்கு நேரமே படத்தைத் திரையில் காட்டி, முழு உருவத்தையும் ஒரே பார்வையில் பிடிக்க அவர் பயிற்சி அளித்தார். வருவது நண்பனா எதிரியா என்று தீர்மானிக்க அதுவே சரி. ஆனால் மனத்தில் பதிந்த உருவங்களுள் இல்லாத ஒரு விமானத்திடம் அந்த வித்தை பலிக்காது. பழைய படத்தை வைத்துக்கொண்டு உட்காருபவர் உறுப்பு உறுப்பாகப் பார்க்கும் முறைக்கே திரும்ப வேண்டும். அவருக்கு அவசரமும் இல்லை.

என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினைத்தான். சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த ரேடியல் எஞ்சின் வெளியே தெரிந்தால் அவற்றை எண்ணலாம். ஒற்றை வரிசை என்றால் பெரும்பாலும் 5, 7 அல்லது 9 வரும். காரணம் எளிது. நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எரிபொருள் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கிறது. ஒன்று விட்டு ஒன்றாக வெடித்துக்கொண்டே போனால், ஒற்றைப்படை எண்ணிக்கையில்தான் இரண்டு சுற்றுக்குள் எல்லாவற்றுக்கும் சீரான இடைவெளியில் முறை வரும். எனவே எட்டு என்று எண்ணிவிட்டால், புரொப்பெல்லருக்குப் பின்னால் ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று மறுபடி பார்ப்பது நல்லது. ஏழா ஒன்பதா என்பது தெரிந்தாலே, எஞ்சின் பட்டியலில் பாதி கழிந்துவிடும்.

எஞ்சினின் மூடியும் காலத்தைச் சொல்லும். முதல் உலகப் போர்க்காலத்து ரோட்டரி எஞ்சின்களில் புரொப்பெல்லரோடு சேர்ந்து சிலிண்டர்களும் சுழன்றன. அவை வாரியிறைத்த ஆமணக்கு எண்ணெய் விமானியின் முகத்தில் தெறிக்காமல் தடுக்கவே முன்பக்கம் தகட்டு உறை போட்டார்கள். பின்னர் வந்த ரேடியல் எஞ்சின்கள் நெடுநாள் திறந்தே கிடந்தன. காற்று பட்டால்தான் சூடு தணியும் என்பது கணக்கு. ஒழுங்காக வடிவமைத்த உறை காற்றின் இழுவையைப் பெருமளவு குறைத்தும், எஞ்சினைக் குளிர்வித்தும் விடும் என்று அமெரிக்க அரசின் விமானவியல் ஆராய்ச்சி அமைப்பான நாகா (NACA) 1928-இல் காட்டியது. வேகமான விமானம் ஒன்றின் ரேடியல் எஞ்சினை முழு உறை மூடியிருந்தால், படம் அதற்குப் பிந்தையது என்று துணிந்து சொல்லலாம். திறந்த எஞ்சின் மட்டும் எதையும் நிரூபிக்காது. மெதுவாகப் பறந்த பயிற்சி விமானங்களுக்கு அந்த உறையால் பெரிய லாபம் இல்லை.

வால் வடிவமைப்பாளரின் கையெழுத்து. பிரிட்டிஷ் நிறுவனமான டி ஹாவிலண்டின் விமானங்களின் வால் வளைவைப் பழகிய கண் தூரத்திலேயே கண்டுகொள்ளும். நெளித்தகடு போர்த்திய உடலைக் கண்டதும் ஜெர்மன் நிறுவனமான யுங்கர்ஸின் விமானம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஃபோர்டின் மூன்று எஞ்சின் விமானமும் அப்படித்தான் இருக்கும்.

கறுப்பு வெள்ளைப் படங்களில் நிறம் பெரிய பொறி. ஆர்த்தோகுரோமேடிக் என்ற பழைய படச்சுருளுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. அதனால் சிவப்பு ஏறக்குறைய கறுப்பாகவும், நீலம் வெளிறியும் பதியும். பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தில் நடுவில் சிவப்பு, வெளியே நீலம். பிரெஞ்சுச் சின்னத்தில் இது தலைகீழ். எந்த வகைச் சுருள் என்று யோசிக்காமல் சாம்பல் நிறத்தின் அடர்த்தியை மட்டும் நம்பினால், ஒரு நாட்டு விமானத்தை இன்னொரு நாட்டுக்குத் தாரைவார்த்துவிடுவோம்.

எண் தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. அதைப் படிக்கவும் வழக்கம் தெரிய வேண்டும். அமெரிக்க ராணுவ விமான எண் நிதியாண்டில் தொடங்கும். வாலில் எழுதும்போது ஆண்டின் முதல் இலக்கத்தை விட்டுவிடுவார்கள். 41-24485 என்ற பி-17 குண்டுவீச்சு விமானத்தின் வாலில் இருப்பது 124485.

எல்லாம் பொருந்தியும் ஏதோ இடறினால், படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கலாம். எழுத்தே இல்லாத படத்தில் புரொப்பெல்லர் தகடுகளின் முறுக்கைப் பார்க்க வேண்டும். சுழலும் திசை அதில் தெரியும். பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சின், விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் வலஞ்சுழி. பின்னாளில் பொருத்திய கிரிஃபன் இடஞ்சுழி. 1936-இல் பறந்த முதல் மாதிரியின் படத்தில் முறுக்கு இடஞ்சுழியைக் காட்டினால், நெகடிவ் திரும்பியிருக்கிறது.