விம் எடிட்டரில் நிரல் மடிப்பு இயங்கும் விதம்

ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட நிரல் கோப்பைத் திறப்பவர் பெரும்பாலும் அதிலுள்ள ஒரே ஒரு ஃபங்ஷனைத் தேடித்தான் வந்திருப்பார். மற்றவை அந்த நேரத்துக்கு இடைஞ்சல். பிராம் மூலெனார் உருவாக்கிய, நிரல் எழுதப் பயன்படும் விம் எடிட்டரில் இதற்கென, வேண்டாத வரிகளை ஒரே வரியாகச் சுருக்கிக் காட்டும் மடிப்பு வசதி 2001இல் வெளியான 6.0 பதிப்பில் சேர்க்கப்பட்டது. மடிப்பதால் கோப்பில் ஓர் எழுத்தும் மாறாது. திரையில் எதைக் காட்டுவது என்பது மட்டுமே மாறுகிறது. மடிப்புக் கட்டளைகள் எல்லாம் இசட் எழுத்தில் தொடங்குவதற்கு, மடித்த தாளைப் பக்கவாட்டில் பார்த்தால் அந்த எழுத்தைப் போலிருக்கும் என்று விம்மின் கையேடே காரணம் சொல்கிறது.

எந்த வரி எந்த மடிப்பில் அடங்கும் என்பதை முடிவு செய்ய, விம் ஒவ்வொரு வரிக்கும் ஒரு மட்ட எண்ணைக் கணிக்கிறது. வரி எவ்வளவு உள்ளே தள்ளித் தொடங்குகிறது என்று பார்க்கும் உள்தள்ளல் முறையில் இந்தக் கணக்கு மிக எளிது: வரியின் தொடக்க இடைவெளியை, ஒரு படி உள்தள்ளலுக்கு எத்தனை இடம் என்று சொல்லும் ஷிஃப்ட்விட்த் அமைப்பின் மதிப்பால் வகுத்து, மீதியை விட்டுவிடுகிறது. அம்மதிப்பு 4 எனில், பைத்தான் ஃபங்ஷன் ஒன்றின் தலைப்பு வரி மட்டம் 0, உடல் மட்டம் 1, உடலுக்குள் வரும் ஃபார் லூப்பின் (திரும்பத் திரும்ப இயங்கும் பகுதியின்) உள்வரிகள் மட்டம் 2. எனவே மடிப்புகளை மூடினால் தலைப்பு வரி அப்படியே தெரிய, உடல் முழுவதும் அதன் கீழ் ஒற்றை வரியாகச் சுருங்கிவிடும். வெற்று வரிகள் மேலும் கீழும் உள்ள மட்டங்களில் சிறியதை ஏற்பதால், உடலுக்குள் விட்ட வெற்று வரி மடிப்பை அறுப்பதில்லை.

பைத்தானில் உள்தள்ளலே இலக்கணம் என்பதால் இந்த முறை போதும். சி மொழியில்தான் சங்கடம். நிரல் தொகுக்கப்படும் முன்பே கையாளப்படும், ஹேஷ் குறியில் தொடங்கும் ப்ரீபிராசசர் வரிகள் இடது ஓரத்தில் தொடங்குவது வழக்கம் என்பதால், ஹேஷ் குறியில் தொடங்கும் வரிகளையும் வெற்று வரிகளைப் போலவே விம் நடத்துகிறது. ஆனால் ஓரத்தில் எழுதப்பட்ட ஒரு கோட்டூ லேபிள் (நிரல் தாவி வரவேண்டிய இடத்தின் பெயர்), ஃபங்ஷனின் மடிப்பை நடுவில் இரண்டாக வெட்டிவிடும். விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் எடிட்டரில், டிரீ-சிட்டர் என்னும் நிரல் பகுப்புக் கருவி வழியாக மடித்தால் இந்தச் சிக்கல் எழாது. அது நிரலை இலக்கண மரமாகப் பகுத்து, எல்லைகளை மரத்திலிருந்தே எடுக்கிறது.

மடிப்பின் உண்மையான பயன் மறைப்பதில் இல்லை, நகர்வதில் இருக்கிறது என்பது என் கருத்து. மூடிய மடிப்பு கர்சருக்கு ஒரே வரிதான். இசட்டும் பெரிய எம்மும் அழுத்தி எல்லாவற்றையும் மூடிவிட்டால், கர்சரைக் கீழே நகர்த்தும் ஜே விசையில் ஃபங்ஷன் ஃபங்ஷனாகக் கடந்து போகலாம். தலைப்பு வரியில் நின்று டி, ஜே என்று அழுத்தினால், தலைப்போடு மூடியிருக்கும் உடல் முழுவதும் வெட்டப்பட்டு, வேறிடத்தில் ஒட்டத் தயாராகிவிடும்.

வேறு கோப்பிலுள்ள ஃபங்ஷனுக்குத் தாவுவதற்கு, நிரலில் வரும் பெயர்களைப் பட்டியலிடும் சிடேக்ஸ் கருவி உருவாக்கும் டேக்ஸ் கோப்பு உதவுகிறது. பெயர்கள் அதில் அகரவரிசையில் இருப்பதால், விம் பாதி பாதியாகக் கழித்துத் தேடுகிறது. ஒரு லட்சம் பெயர்கள் இருந்தாலும் 17 ஒப்பீடுகளுக்குள் விடை கிடைத்துவிடும். ஃபங்ஷன்களுக்கு அக்கோப்பு வழக்கமாகக் குறித்துவைப்பது வரி எண்ணை அன்று, அந்த வரியின் வாசகத்தை. ஆகவே மேலே பத்து வரிகளைப் புதிதாகச் சேர்த்த பிறகும் தாவல் சரியான இடத்திலேயே போய் நிற்கும், அங்கே மூடியிருக்கும் மடிப்பும் தானே திறந்துகொள்ளும்.